சுதந்திர தின மேடையில் நாட்டின் குறையைப் பேசலாமா?

பள்ளத்தூர் ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சுதந்திர தினத்தை ஒட்டி எங்கள் வட்டாரப் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பேச்சுப் போட்டியில் மூன்று நடுவர்களுள் ஒருவராக இருந்தேன். தலைப்பு 'நாட்டுப்பற்று'. பேசியவர்களுள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் எடுத்துக்கொண்ட பொருள் மலக்குழி மரணங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் தடை செய்திருக்கின்றன. குழிக்குள் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது என்றால், தடுக்கப்பட்ட வேலை நிற்கவில்லை என்றுதானே பொருள், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நாட்டை நேசிப்பதால்தான் கேட்கிறேன் என்ற வழக்கமான முன்னுரையைக்கூடச் சொல்லாமல், கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டார்.

மற்ற இரு நடுவர்களும் அவருடைய உரை தலைப்புக்குப் புறம்பானது என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவர்களுள் ஒருவர், கொடியேற்றிய நாளில் நாட்டைக் குறை கூறுவது தாயின் பிறந்தநாளில் அவளுடைய நோய்களைப் பட்டியலிடுவது போன்றது என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயினும் என் கருத்தை மட்டும் எழுதி முடித்துவிடாமல், நம் பகுதிப் பெரியவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். நாட்டைக் குறை கூறுபவர் நாட்டுப்பற்று உள்ளவராக இருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை, முடியும் என்று எல்லோருமே வாயளவில் ஒப்புக்கொள்கிறோம். அப்படி ஒப்புக்கொள்ளும் நாமே நம் கண்முன் ஒருவர் எழுந்து பேசும்போது ஏன் முகம் சுளிக்கிறோம் என்பதே என் கேள்வி.

திருப்பத்தூர் ஹவில்தார்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எதிர்த்தரப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி சொன்ன செய்தியில் எனக்கு மறுப்பு இல்லை. மறுப்பு இடத்தைப் பற்றியது. படையில் ஒரு சிப்பாய்க்குக் குறை இருந்தால் அதைச் சொல்வதற்கென்று முறையான தர்பார் உண்டு; அங்கே அதிகாரியின் முகத்துக்கு நேரே பேசலாம். அணிவகுப்பு நடக்கும்போது பேச முடியாது. நாள் என்றும் மேடை என்றும் சில உள்ளன. ஆண்டின் மற்ற நாள்களெல்லாம் குறை பேசுவதற்கு இருக்கும்போது, ஒரு நாளையாவது உயிர் கொடுத்தவர்களுக்காக ஒதுக்கக் கூடாதா?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இப்போது கேட்கும் கண்டனங்களில் பலவற்றில் 'இந்த நாடு உருப்படாது' என்ற இளக்காரம்தான் இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் எதையும் திருத்த வேண்டும் என்று நினைப்பதாகத் தெரியவில்லை. அந்த இளக்காரத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், உண்மையான அக்கறையோடு ஒரு பிள்ளை பேசும்போதும் அதே குரலாக எடுத்துக்கொள்கிறார்கள். முகச் சுளிப்புக்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வட்டகை

ஹவில்தார் ஐயா இடத்தையும் முறையையும் பற்றிச் சொன்னதால், நம் ஊரிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுவது பொருத்தமாக இருக்கும். 1927 செப்டம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டுவதற்காகச் செட்டிநாட்டுக்கு வந்தார். ஊருக்கு ஊர் வரவேற்பு. நகரத்தார் பணமுடிப்புகளைத் தாராளமாகத் தந்தார்கள். விருந்தோம்பிய அவர்களிடமே அவர் பேசிய பேச்சைப் படித்தால் இன்றைக்கும் சற்றுக் கூச்சமாக இருக்கும். உங்கள் மாளிகைகளில் அயல்நாட்டுப் பகட்டுப் பொருள்கள் மூச்சுவிட இடமில்லாமல் அடைந்து கிடக்கின்றன, அவற்றினிடையே இருப்பது எனக்குப் பாரமாக இருக்கிறது என்றார். இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தால், நீங்கள் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கில், இதைவிடக் காற்றோட்டமாகவும் அழகாகவும் செய்து காட்டுவேன் என்றும் சொன்னார். பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும் இன்று நமக்குப் பாரம்பரியப் பெருமை. சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அவருக்கு அவை அயல்நாட்டுக்குப் போன பணமாகத் தெரிந்தன. விருந்தாளி வீட்டுக்காரரின் கூடத்தைக் குறை சொல்வது எந்த முறையிலும் சேராது. ஆயினும் நம் முன்னோர் அவரை ஊரை விட்டு அனுப்பிவிடவில்லை.

இதைவிட முக்கியமானது அதே மாதம் நடந்த இன்னொன்று. அமெரிக்கரான கேத்தரின் மேயோ இந்தியாவின் குழந்தை மணத்தையும் தீண்டாமையையும் சுகாதாரக் கேட்டையும் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு வாசகரை இட்டுச் செல்லும் நூல் அது. நாடு முழுவதும் கொதித்தது. காந்தி செப்டம்பர் 15 அன்று தம் 'யங் இந்தியா' இதழில் அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று சாடினார். அந்தத் தொடரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் எழுதிய மறுபாதியை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டவர் முன் வைக்கத் தகாத அந்த நூலை ஒவ்வோர் இந்தியரும் படித்துப் பயன் பெறலாம், குற்றச்சாட்டை அவர் சொன்ன வடிவில் நாம் மறுக்கலாம், ஆனால் அதன் அடியில் இருக்கும் சாரத்தை மறுக்க இயலாது என்பது அவருடைய நிலை. பகைவர் சொன்னதிலும் உண்மை இருந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கருதியிருக்கும்போது, நம் வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னதை எடுத்துக்கொள்வதில் நமக்கு என்ன தடை?

கோட்டையூரான்

காந்தி பேசினார், கேட்டார்கள். பெயரும் வயதும் இல்லாத ஒருவர் பேசினால் கேட்பார்களா? உதாரணம் சொல்லும்போதெல்லாம் மகாத்மாக்களையே சொல்கிறீர்கள் என்பது என் சிறு மனக்குறை.

வட்டகை

நியாயமான கேள்வி. அதற்கும் விடை நம் பக்கத்திலேயே, சிராவயலில் இருக்கிறது. அங்கே காந்தி ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த ஜீவானந்தத்துக்கு அப்போது இருபது வயது. வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தி சொல்லிவந்ததை ஏற்க முடியாமல் அவருக்கே கடிதம் எழுதினார் என்றும், அதை எழுதியவரைப் பார்க்கக் காந்தியே சிராவயலுக்கு வந்தார் என்றும் ஜீவாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உமக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டதற்கு 'இந்தியாதான் என் சொத்து' என்று இளைஞர் சொல்ல, 'இந்தியாவின் சொத்து நீர்தான்' என்று காந்தி சொன்னதாக வழங்கும் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த உரையாடல் ஒரு கண்டனக் கடிதத்தின் விளைவு என்பதை மேடைகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. கண்டனத்தை உதிர்த்துவிட்டுப் பாராட்டை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கம் நமக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது.

ஊரணிக்கரை

ஹவில்தார் ஐயாவின் நாள், மேடை என்ற வாதத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு 15 காலையில் கொடியேற்றிய பிறகு நம் ஊராட்சிகளில் என்ன நடக்கிறது? கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களைக் கிராம சபைக்கு அரசே குறித்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாட்டை வாழ்த்திவிட்டு மக்கள் கலைந்து போவதில்லை. கணக்கு வாசிக்கப்படுகிறது, தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை, வேலை உறுதித் திட்டத்தில் கூலி வரவில்லை என்று ஒவ்வொருவராக எழுந்து கேட்கிறார்கள். எங்கள் ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டதை நாங்கள் முதலில் எழுப்பியது ஒரு சுதந்திர தினக் கிராம சபையில்தான். நாட்டின் பெருமைக்குரிய நாள்களையே குறை கேட்கும் நாள்களாகவும் இந்த அரசமைப்பு வைத்திருக்கிறது. ஆகவே அந்த மாணவி தவறான நாளில் பேசினார் என்பதை நான் ஏற்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும் வயது வராததால், கிராம சபையில் உறுப்பினராக எழுந்து பேச அவருக்கு இன்னும் உரிமை இல்லை. இருந்த ஒரே மேடையில் பேசியிருக்கிறார்.

இதில் ஓர் இடக்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வரத்துக்காலைப் பற்றிப் பேசியபோது எங்களை எதிர்த்தவர்கள் அரசு அலுவலர்கள் அல்லர். ஊர்ப் பெயரைக் கெடுக்கிறீர்கள், வெளியூரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று சொன்னவர்கள் எங்கள் உறவினர்களே. நாட்டைப் பற்றிய கண்டனத்துக்கு வரும் எதிர்ப்பைவிட ஊரைப் பற்றிய கண்டனத்துக்கு வரும் எதிர்ப்பு சூடானது.

தேவகோட்டை வழக்குரைஞர்

சட்டத்தின் நிலையையும் பதிவு செய்கிறேன். இந்த இழையில் 'தேசத் துரோகம்' என்ற குற்றச்சாட்டு இதுவரை வரவில்லை என்றாலும், இத்தகைய விவாதங்கள் வழக்கமாக அங்கேதான் போய் நிற்கின்றன.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 124-ஏ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. அரசின் மீது வெறுப்பையோ பற்றின்மையையோ தூண்டுவதே குற்றம் என்று அது சொன்னது. அதாவது அந்நிய அரசு தன்னிடம் குடிமக்கள் அன்பு காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டு எதிர்பார்த்தது. 1908இல் வ.உ.சி. இந்தப் பிரிவின்கீழ்தான் தண்டிக்கப்பட்டார். விடுதலைக்குப் பிறகும் பிரிவு நீடித்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டாத வரையில் அரசின் நடவடிக்கைகளை எவ்வளவு கடுமையான சொற்களால் கண்டித்தாலும் அது குற்றமாகாது என்று எல்லை வகுத்தது. 2022 மே மாதத்தில் அந்தப் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயரில் குற்றம் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்கும் செயல்களைப் பற்றிய 152ஆம் பிரிவு இருக்கிறது. அதன் சொற்கள் பரந்தவை என்ற அச்சம் என் போன்றோருக்கு உண்டு. ஆயினும் சட்ட வழியில் மாற்றம் காண்பதற்காக அரசின் செயல்களைக் கண்டிப்பது குற்றமல்ல என்ற விளக்கம் அந்தப் பிரிவோடு சேர்ந்தே இருக்கிறது.

இன்னொரு வழக்கையும் நடுவர்கள் அறிந்திருப்பது நல்லது. கேரளத்தில் 1985இல் மூன்று பிள்ளைகள் தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பற்றை ஒரே வடிவத்தில்தான் காட்ட வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அடிப்படைக் கடமைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவை 1976இல், பத்திரிகைகள் தணிக்கையில் இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆம் திருத்தத்தின் வழியாக வந்தவை. கொடியையும் கீதத்தையும் மதிக்க வேண்டும் என்ற கடமை அந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையையும் சீர்திருத்த உணர்வையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையும் அதே பட்டியலில் சற்றுக் கீழே இருக்கிறது. கீழே வரை படிப்பவர்கள் குறைவு.

ரங்கூன் பேரன்

என் ஐயா (பாட்டனார்) பர்மாவில் வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்து, பிறகு சொந்தக் கடை வைத்தவர். 1942இல் ஜப்பானியர் வந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களின் துன்பத்தையும், 1963க்குப் பிறகு நெ வின் அரசு எல்லாவற்றையும் நாட்டுடைமையாக்கியபோது பெட்டியோடு கப்பலேறியவர்களின் கதையையும் கேட்டே வளர்ந்தோம். எங்கள் வளவில் எவரும் சொல்லாத பாதி ஒன்று உண்டு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் அடமான நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியதில், 1938 அளவில் அது 25 விழுக்காடாக உயர்ந்தது. நம்மவர்களில் பலர் நிலத்தை விரும்பி எடுக்கவில்லை, பணமாகத் திரும்பி வந்தால் போதும் என்றே நினைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் தம் தந்தையின் வயலில் வாரக் குடியாக மாறிய பர்மிய உழவருக்கு அந்த விளக்கம் எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

இதை ஒரு குடும்ப விழாவில் சொன்னபோது, சொந்த இனத்தைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். நான் என் முன்னோரை நேசிக்கவில்லையா? அவர்கள் கட்டிய கோயில்களையும் பாடசாலைகளையும் பெருமையாகவே எண்ணுகிறேன். அந்தப் பெருமையில் பங்கு கேட்கும் நான், வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்ட பேரேட்டை நேர்மையான கணக்கு என்று எப்படிச் சொல்வது? ஐயாவே அப்படிப்பட்ட கணக்கில் கையெழுத்திட்டிருக்க மாட்டார். நாட்டைப் பற்றியும் எனக்கு இதுவே நிலை. நான் பிறப்பதற்கு முன் இந்த நாடு அடைந்த வெற்றிகளை 'நம்முடையவை' என்று சொல்லிக்கொள்பவன், அதன் பிழைகளை மட்டும் 'அரசினுடையவை' என்று ஒதுக்கிவிட முடியாது.

சிங்கையிலிருந்து

வெளிநாட்டில் இருப்பவன் என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். இங்கே அலுவலகத்தில் வேறு நாட்டவர் இந்தியாவை ஏளனமாகப் பேசினால் நான் மறுத்துப் பேசுகிறேன். அதே குறையைக் காரைக்குடிக்கு வரும்போது நானே சொல்கிறேன். இதை இரட்டை வேடம் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரைத் திட்டுபவருக்கு அதன் விளைவு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிராம சபையில் எழுந்து கேட்பவர் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும்.

திருப்பத்தூர் ஹவில்தார்

கிராம சபையைப் பற்றி ஊரணிக்கரை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நாள் தவறு என்ற வாதத்தை இனி நான் வைக்கப் போவதில்லை. ஆனால் சிங்கைத் தம்பி சொன்னதிலிருந்துதான் என் அடுத்த கேள்வி பிறக்கிறது. பேசுபவர் விளைவை ஏற்கிறாரா, நாட்டுக்காகத் தாம் எதையாவது செய்திருக்கிறாரா என்று பார்ப்பதில் என்ன தவறு? வட்டகை ஐயா சொன்ன ஜீவாவும் காந்தியும் சிறை சென்றவர்கள். தியாகம் அவர்களுக்குப் பேசும் தகுதியைத் தந்தது. எதையும் இழக்காதவர் எல்லாவற்றையும் பழிப்பதை எப்படி அதே தட்டில் வைப்பது?

வட்டகை

தியாகத்தைத் தகுதியாக வைத்தால் அந்தத் தகுதியும் நிற்காது என்பதைக் காரைக்குடியின் வரலாறே காட்டுகிறது. கம்பன் கழகத்தை நிறுவிய சா. கணேசன் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். விடுதலைக்குப் பிறகு அவர் ஆளுங்கட்சியான காங்கிரஸை எதிர்த்து, 1962இல் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடியில் நின்று சட்டமன்றத்துக்குச் சென்றார். அப்போதும், நாட்டை ஆளும் கட்சியை எதிர்ப்பது நன்றிகெட்ட செயல் என்று பேசியவர்கள் உண்டு. எவ்வளவு தியாகம் செய்திருந்தாலும், கேட்க விரும்பாதவர்களுக்கு அது போதாது. இன்னும் கொஞ்சம் நிரூபி என்பார்கள். தகுதிச் சான்று கேட்பதன் பயனே அதுதான்: சான்றைப் பற்றிய பேச்சு நீள நீள, சொன்ன குறையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. இந்த இழையிலும் பாருங்கள், மலக்குழியில் இறந்தவர்களைப் பற்றி முதல் பதிவுக்குப் பிறகு நாம் யாரும் ஒரு வரியும் எழுதவில்லை, நானும்தான்.

1801இல் சின்ன மருது வெளியிட்ட திருவரங்க அறிக்கையை நாம் போற்றுகிறோம். அதில் வெள்ளையரைப் பற்றிய கோபத்துக்குச் சற்றும் குறையாமல் நம்மவர் மீதான கோபமும் இருக்கிறது. நவாபின் அறிவீனத்தையும், ஒருவரோடொருவர் பகைத்துக்கொண்டு வெள்ளையரோடு நட்புக் கொண்ட நம் மக்களின் போக்கையும் அது பெயர் சொல்லித் திட்டுகிறது. அதே ஆண்டில் அவர் உங்கள் திருப்பத்தூரில்தான் தூக்கிலிடப்பட்டார், ஐயா. அந்த அறிக்கையைத் தூக்குமேடைக்கு முன் படித்தாலும் பின் படித்தாலும் அதில் இருக்கும் குற்றச்சாட்டு ஒன்றே.

பள்ளத்தூர் ஆசிரியை

வட்டகை ஐயாவின் குறிப்பு சுட்டது, உண்மையும்கூட. முதல் பதிவில் நான் விட்டுவிட்ட ஒரு செய்தியை இப்போது சொல்வது பொருத்தம். போட்டியில் முதல் பரிசு பெற்ற மாணவர் நல்ல குரல்வளத்தோடு பேசினார். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அரங்கம் அதிரக் கை தட்டியது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிவரும் பொய் அது, அந்த அமைப்பே மறுத்திருக்கிறது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, நல்ல எண்ணத்தில் சொன்னதுதானே, விடுங்கள் என்றார்கள். மாணவி சொன்ன ஆண்டுகளும் தொகைகளும் சரியா என்று எவரும் சரிபார்க்கவில்லை; அவருடைய எண்ணம் நல்லதா என்று மட்டும் பத்து நிமிடம் பேசினார்கள். புகழ்ந்தவரிடம் எண்ணத்துக்காக உண்மையை விட்டுக்கொடுத்தார்கள், குறை சொன்னவரிடம் உண்மையைப் பாராமல் எண்ணத்தை ஆராய்ந்தார்கள்.

கீதத்துக்கு எவருடைய சான்றிதழும் தேவையில்லை. அதை விரும்புவதற்கு யுனெஸ்கோவின் பெயரைப் பொய்யாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று நினைப்பவருடைய பற்றைவிட, இரண்டு சட்டங்களையும் இரண்டு தீர்ப்புகளையும் தேடிப் படித்துவிட்டு மேடையேறிய அந்தப் பெண்ணின் பற்றில் உழைப்பு அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொன்னால் நானும் சான்றிதழ் வழங்குபவள் ஆகிவிடுவேன். ஆகவே அவர் சொன்னது சரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திருப்பத்தூர் ஹவில்தார்

யுனெஸ்கோ செய்தியை உண்மை என்று நம்பிப் பிறருக்கு அனுப்பியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் குறைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இளக்காரமாகப் பேசுபவர்களைப் பற்றி நான் சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை; அவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் பிடிக்காதவர் சொன்னாலும் குழியில் இறங்கியவர் இறந்தது இறந்ததுதான். எங்கள் பகுதியில் தனியார் கழிவுநீர் ஊர்திகள் பல ஓடுகின்றன. தொட்டிக்குள் ஆளை இறக்குகிறார்களா என்று கேட்க வேண்டிய இடம் ஊராட்சியா, வட்டாட்சியர் அலுவலகமா என்பதை வழக்குரைஞர் ஐயா இங்கே எழுதினால், அக்டோபர் 2 கிராம சபையில் நானே எழுந்து கேட்கிறேன்.